அத்தானின் மொழிபெயர்ப்பு

அக்காவுக்குச் சிங்களம் வராது. கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் மரக்கறிக் கடையோடு அவளது சிங்களம் நின்றுவிட்டது. அதை வைத்துத்தான் அத்தான் அவளுக்கு வந்தது புற்றுநோய் என்பதை மறைத்தார். டொக்டர் சிங்களத்தில் உண்மை சொல்வார், அத்தான் தமிழில் பொய் சொல்வார்.

நான் கூடப் போன அன்று, கதிர்வீச்சை ஒருநாளும் தவறவிடக்கூடாது, இடைவெளி விட்டால் புற்றுக் கலங்கள் தங்களைத் திருத்திக்கொண்டு மறுபடி பெருகும் என்றார் டொக்டர். அத்தான் அக்காவைப் பார்த்து, "கட்டி வத்துதாம். ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையே அந்தத் திருத்தத்தைப் பற்றியதுதான். கதிர்வீச்சு கலத்தின் டி.என்.ஏ.யை உடைக்கும், கலம் அதை ஒட்டப் பார்க்கும். ஒட்டுவதற்கு வேண்டிய புரதங்களை உருவாக விடாமல் தடுக்கும் மிகச் சிறிய மூலக்கூறுகள் சில கலத்துக்குள்ளேயே உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். அவற்றைக் கூட்டினால் புற்று இன்னும் இலகுவாகச் சாகுமா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது மருந்தாகிக் கைக்கு வர இன்னும் காலம் எடுக்கும். அக்காவுக்கு இருந்தது தவறாமல் பிடிக்க வேண்டிய கரண்ட், அந்தக் கதிர்வீச்சு, ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அத்தானோடு சண்டை பிடித்தேன். "உம்மட படிப்பை லாப்பில வைச்சிரும். தெரிஞ்சா அவள் அண்டைக்கே செத்திடுவாள்," என்றார். அதற்குப் பயந்து நானும் அக்காவிடம் சொல்லவில்லை.

ஊரில், யாழ்ப்பாணத்தில், இருபத்தைந்து நாள் நல்லூர்த் திருவிழா வந்தது. சும்மா கட்டிதானே, மிச்சக் கரண்டை வந்து பிடிக்கலாம் என்று அக்கா புறப்பட்டாள். மறிப்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். திருவிழா முடிந்து அவள் திருநீறோடு என் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

அடுத்த ஸ்கானில் கட்டி முன்னையைவிடப் பெருத்திருந்தது, ஈரலுக்கும் பரவியிருந்தது. இனிக் கரண்ட் பிடித்துப் பயனில்லை என்றார் டொக்டர்.

"இனிக் கரண்ட் தேவையில்லையாம். நல்ல சுகமாம்," என்றார் அத்தான்.

"முருகா," என்று அக்கா டொக்டரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தாள். அவர் ஒன்றும் விளங்காமல் முழித்தார். அந்த இடத்திலேயே நான் அவ்வளவையும் தமிழில் போட்டு உடைத்தேன்.

அக்கா அழவில்லை. "நான் ஊருக்குப் போகாமல் நிண்டிருந்தா?" என்று கேட்டாள்.

"தப்ப இடமிருந்தது அக்கா."

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினார். எனக்கு அவர்மேல் துளி இரக்கமும் வரவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து முகத்திலிருந்து இறக்கினாள்.

"பிறகு அழலாம்," என்றாள். "எனக்கு இன்னும் எவ்வளவு காலமெண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."