பீலிக்காகச் செத்திருந்த வடிவேல்

ஊசிமட்டம் எஸ்டேட்டில் வடிவேல் என்று ஒருவர் இருக்கிறார். இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேவர்சோலைப் பக்கம் இன்னும் சிலர் அவர் காலமாகிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரும் அதை அவசரப்பட்டு மறுப்பதில்லை.

வடிவேல் பிறந்தது இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். வாலிபத்தில் கப்பலேறி மண்டபம் வந்து, அங்கிருந்து லாரியில் இந்த மலைக்கு வந்தார். இங்கே தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. லைன் வீடுகளை இன்றும் லயம் என்பார். வேலைக்கு ஆள் கூப்பிடும் இடம் பெரட்டுக்களம். தண்ணீர் விழும் குழாய் அவருக்குப் பீலி. அவர் வாழ்க்கையை எழுதுவதென்றால் இந்தக் கடைசி வார்த்தையில்தான் தொடங்க வேண்டும்.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. ஒரு கிலோ பச்சைக்கொழுந்து விற்ற காசில் ஒரு டீயும் வடையும் சாப்பிட முடியவில்லை. அதைவிட விசித்திரம், டீ விலை குறையவே இல்லை. ஊசிமட்டம் ஃபேக்டரியை மூடினார்கள். ஃபேக்டரி மோட்டார் நின்றதும் லயத்துப் பீலியும் நின்றது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு சோலைக்குக் கீழே ஓடைக்குப் போனார்கள். ஓடைக்கு யானைகளும் வரும். யானை குடித்து முடிக்கும்வரை பெண்கள் மேட்டில் காத்திருப்பார்கள். அவசரப்படுத்த முடியாத இடம் அது.

மேலே பாறையிடுக்கில் ஒரு ஊற்று இருந்தது. அங்கிருந்து குழாய் போட்டால் மோட்டாரே வேண்டாம். வடிவேல் இதைச் சொல்லாத ஆள் இல்லை. மர வியாபாரியும் கட்சிக்காரருமான நஞ்சப்பனை மட்டும் நான்கு முறை போய்ப் பார்த்தார். நான்கு முறையும் நஞ்சப்பன், "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

வடிவேலுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சினிமா. கூடலூரில் படம் பார்த்துவிட்டு வந்தால் எஸ்டேட் சாலையில் இருந்த எங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்து அப்பாவிடம் கதை சொல்வார். அரசியல் படம் என்றால் குரலே மாறிவிடும்.

"மொதலாளி, ஒண்ணு கவனிச்சீங்களா? படத்துல நல்ல தலைவர் எல்லாம் செவுத்துல போட்டோவாத்தான் இருக்காரு. மால போட்டு, சின்ன பல்பு எரிய விட்டு. உசுரோட வெள்ளச் சட்ட போட்டு வாறவன் எவனா இருந்தாலும் வில்லன்தானே."

"ஏனுங்க, உசுரோட நல்லவனா ஒருத்தன்கூடவா காட்டறதில்லை?" என்று அப்பா கேட்டார்.

"காட்டுவாங்க. ரெண்டாவது ரீல்ல சுட்டுருவாங்க."

மூடிக் கிடக்கும் எஸ்டேட் வாடகைக்கு மலிவு என்று கேள்விப்பட்டு அந்த மழைக்காலத்தில் ஒரு சினிமாக் குழு வந்து இறங்கியது. டைரக்டர் கீர்த்திவாசன், கழுத்தில் மப்ளர் சுற்றிய மெலிந்த மனிதர். ஏழைகளின் தலைவர் ஒருவர் செத்துப்போகிறார், அவர் நாற்காலிக்குக் கட்சியில் நான்கு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்பது கதை. தலைவருக்கு வசனம் கிடையாது. படம் தொடங்கும்போதே பிணம். அதற்கு நரைத்த மீசையும் அமைதியான நெற்றியும் உள்ள ஆள் வேண்டும் என்றார். லயத்து ஆட்களைப் பெரட்டுக்கு நிறுத்துவதுபோல வரிசையாக நிறுத்தினார்கள். நெற்றி விஷயத்தில் வடிவேலை மிஞ்ச ஆள் இல்லை.

அவர் மனைவி ராஜகுமாரி மட்டும் ஒப்பவில்லை. "காசுக்காகச் சாவுறானே, இந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். விதவையாக அழ, கோயம்புத்தூரிலிருந்து ஒரு துணை நடிகை வந்திருந்தாள்.

பெரட்டுக்களத்தில் கட்டில் போட்டு, வெள்ளைச் சட்டை உடுத்தி, மூக்கில் பஞ்சு வைத்து வடிவேலைக் கிடத்தினார்கள். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். டைரக்டர் விளக்கினார்: "செத்தது தலைவர் சத்தியசீலன். அந்தப் பேரைச் சொல்லி அழணும்."

ஒப்பாரி எடுத்துக் கொடுக்கும் சுப்பம்மா யோசித்தார். "அவரு எனக்கு என்னா முறை ஐயா?"

"ஒரு முறையும் இல்லம்மா. தலைவர்."

"முறை இல்லாம எப்பிடி அழுறது? அண்ணன்னா ஒரு பாட்டு, மாமன்னா வேற பாட்டு. தலைவருக்குப் பாட்டு இல்லையே."

டைரக்டர் களைத்துப்போய், "தெரிஞ்ச மாதிரி அழுங்க" என்றார். சுப்பம்மாவுக்கு வடிவேல் அண்ணன் முறை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தப்புமேளம் அடித்ததும் ஒப்பாரியை எடுத்தார்:

"பீலி கேட்டு நடந்த காலு — எங்கண்ணா,
பிணமாகி நீண்டிருச்சே!
வடிவேலு அண்ணா — நீ
வாங்கித் தந்த தண்ணி எங்கே?"

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். மூடிய ஃபேக்டரி, விழுந்த விலை, யானை எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பாரிக்குள் வந்தன. கிளிசரின் போட்டு வந்திருந்த நடிகை, கிளிசரின் இல்லாமலே அழ ஆரம்பித்தாள். அந்த நேரத்தில்தான் நஞ்சப்பனின் ஜீப் அந்தச் சாலையில் வந்தது.

நஞ்சப்பன் அந்த வருடம் சட்டமன்றச் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவையும் தவறவிடமாட்டார். ஜீப்பின் பின்சீட்டில் எப்போதும் ஒரு மலர்வளையம் தயாராக இருக்கும். தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது, தப்புச் சத்தம் கேட்டது. கேமராவும் தெரிந்தது. கேமராவைக் கண்டால் மற்றவர்களுக்குச் சினிமா ஞாபகம் வரும். நஞ்சப்பனுக்கு டிவி செய்தி ஞாபகம் வந்தது. ஜீப் நிற்பதற்குள் குதித்துவிட்டார்.

மலர்வளையத்தோடு வந்தவர் கட்டிலருகே நின்று ஒப்பாரியைக் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நடிகையின் தலையில் கை வைத்து, "அழாதம்மா" என்றார். அப்புறம் கேமராவைப் பார்த்துத் திரும்பினார்.

"வடிவேலு அண்ணனை எனக்கு இருபது வருஷமாத் தெரியுமுங்க. பாக்கற போதெல்லாம் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாருங்க. தனக்குன்னு கேக்கலீங்க. இந்த சனத்துக்குத் தண்ணி கேட்டாரு!" குரல் உடைந்தது. "இந்தப் பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள இந்த லைன் வாசல்ல தண்ணி விழுகும். விழுகலீன்னா என் பேரு நஞ்சப்பன் இல்லீங்க!"

கட்டிலில் வடிவேலின் காலில் அப்போது ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலைத் தாண்டி வேட்டிக்குள் நுழைந்ததை நான் பார்த்தேன். அவருடைய நெற்றி அசையவில்லை. டைரக்டர் 'கட்' சொல்லவும் இல்லை.

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபின் டைரக்டர் தன் உதவியாளரைக் கூப்பிட்டார். "யாரு அந்த ஆளு? யார் அனுப்பினது?"

"தெரியல சார்."

"முகம் நல்லாயிருக்கு. ஆனா நடிப்பு ரொம்ப ஓவர். நிஜத்துல எந்த அரசியல்வாதி இப்படி அழுவான்? எடிட்டிங்ல தூக்கிடலாம்."

வடிவேல் எழுந்து உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டார். கூட்டம் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் அவரையே பார்த்தது. அப்பாதான் முதலில் பேசினார்.

"வடிவேலு, உசுரோட இத்தனை வருஷம் கேட்டீங்க, நடக்கலை. செத்து அரைமணி நேரத்துல நடக்குதுன்னா, பேசாம செத்தே இருந்துக்கறதுதானுங்க நல்லது."

வடிவேல் யோசித்தார். "நான் எழும்பிட்டேன்னு தெரிஞ்சா அந்தாளு குழாயச் சுருட்டிக்கிட்டுப் போயிருவான்தானே? பீலி வாற வரைக்கும் நான் எழும்பல, மொதலாளி."

லயம் மொத்தமும் ஒப்புக்கொண்டது. வேலைக்குப் போனால் தெரிந்துவிடுமே என்ற கவலையும் இல்லை, வேலையே இல்லை. அந்த வருடம் செத்தவனுக்கும் பிழைத்தவனுக்கும் எஸ்டேட்டில் ஒரே கூலிதான்.

சினிமாக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். வடிவேல் வீட்டின் உள்ளறையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் இருந்தார். மற்ற எஸ்டேட்டுகளிலிருந்து துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். கோழித் தகராறில் பல வருடமாக அவரோடு பேசாத பழைய கங்காணி தேவநேசன், "அவன மாதிரி ஒரு மனுஷன் இனிப் பொறக்கணும்" என்று அழுதார். திரைக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. ராஜகுமாரி சத்தமாக இருமி அதை மறைக்க வேண்டியிருந்தது.

குழாய் வேலை தொடங்கியது. ஊற்றிலிருந்து கால்வாய் தோண்டிக்கொண்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். குழாய் நெருங்க நெருங்க வடிவேலிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஷூட்டிங் வெள்ளைச் சட்டையைக் கழற்றவே இல்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் கைகூப்பி வாங்கினார். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் போயிட்டாலும் என் கொள்க இருக்குதானே" என்றார் ஒரு நாள் என்னிடம்.

"என்னா கொள்க?" என்று அடுப்படியிலிருந்து ராஜகுமாரி கேட்டார்.

"அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் நஞ்சப்பனின் ஆள் வந்து, மறைந்தவரின் மனைவிதான் குழாயைத் திறக்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கோயம்புத்தூர் நடிகையை எங்கே தேடுவது? வடிவேல் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தொடங்கினார்.

"ராசம்மா, நம்ம சனங்க தாகத்த நெனச்சுப் பாரு. பொது நன்மைக்காக ஒரு காலையில மட்டும் பொட்ட அழிச்சுட்டு, பூ வைக்காம..."

"பொது நன்மைக்காக ஒரு காலையில மட்டும் நீ நெசமாவே சாவேன், பாப்பம்."

"தியாகம்னா..."

"தியாகம் பண்றவன் தன் நெத்தியில இருந்து ஆரம்பிக்கணும். என் நெத்திக்கு வராத."



மறுநாள் நஞ்சப்பன் பந்தலோடு வந்தார். லயத்து வாசலில் புதுக் குழாய், பக்கத்தில் 'அமரர் வடிவேல் நினைவுக் குடிநீர்க் குழாய்' என்று பொறித்த கல், நாற்காலியின் மேல் வடிவேலின் படம், அதற்குப் போட ஆளுயர மாலை. ஊற்றுப் பக்கம் மேட்டில் வால்வைத் திறக்க ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். "நான் கைக்குட்டைய எடுத்து ஆட்டுனதும் திறந்துரு. அதுக்கு முந்தி ஒரு சொட்டு வரக்கூடாது." பேசி முடித்துத் தண்ணீர் வந்தால்தான் படம் நன்றாக விழும்.

"அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

ராஜகுமாரி வந்தார். நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். தலையில் ஒரு முழத்துக்கு மேலே கனகாம்பரம். இடுப்பில் காலிக் குடம்.

நஞ்சப்பன் கைகூப்பினார். "நீங்க யாருங்கம்மா?"

"வடிவேலு பொஞ்சாதி."

"அப்போ அன்னிக்கு அழுதது?"

பத்திரிகைக்காரர் ஒருவர் பேனாவை எடுத்தார். நிலைமையைக் காப்பாற்ற நினைத்து அப்பா முன்னால் வந்தார். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், பொய் அவருக்கு மரியாதையாகத்தான் வரும்.

"அதுங்களா? அது வடிவேலுக்குச் சின்ன ஊடுங்க."

ராஜகுமாரி குடத்தைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மேட்டில் நின்ற வால்வுக்காரனுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"ஏய் மனுஷா! எழும்பி வெளிய வா! சாவுறதுக்கு முந்தி இன்னும் எத்தன ஊடு வச்சிருந்தேன்னு இந்த ஐயாவுக்குச் சொல்லு!"

ராஜகுமாரி வாசற்படிவரை போனார்.

"வாறியா, நான் உள்ள வரவா?"

அதற்குமேல் செத்திருக்க எந்த மனிதனாலும் முடியாது. வெள்ளைச் சட்டையோடு வடிவேல் வெளியே வந்தார். வெயில் கூசியது. கைகூப்பிக்கொண்டே, "ராசம்மா, சத்தியமா எனக்கு ஒரு வீடுதான்" என்றார்.

லயத்து ஆட்கள் வடிவேலைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் நஞ்சப்பன் மேல்தான். அவர் திரும்பிப் போய்விட்டால் குழாய் வெறும் இரும்பு. நஞ்சப்பனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கைக்குட்டையை எடுத்து உதறி, முகத்தைத் துடைத்தார்.

மேட்டில் வால்வுக்காரன் ஏற்கெனவே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். கைக்குட்டையைக் கண்டதும் சந்தோஷமாகத் திருகினான்.

முதலில் குழாய் இருமியது. பிறகு செம்மண் துப்பியது. அப்புறம் தண்ணீர் விழுந்தது.

கேமராக்கள் மின்னின. மின்னல் பட்டதும் நஞ்சப்பனுக்கு உயிர் வந்தது. படத்துக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்து வடிவேல் கழுத்தில் போட்டு, அவர் கையைப் பிடித்து உயர்த்தினார்.

"பாருங்க! தண்ணிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வந்துட்டாருங்க! செத்தவரையே எழுப்பிக் கொண்டாந்திருக்கோம்! வர்ற உள்ளாட்சித் தேர்தல்ல இவரு நம்ம கட்சி சார்பா வார்டுக்கு நிக்கறாருங்க!" பிறகு வாயசையாமல் காதோரம் சொன்னார்: "அண்ணா, ஓட்டு எண்ணற வரைக்குமாவது மறுபடி செத்துறாதீங்க. பேசுங்க, ரெண்டு வார்த்தை."

வடிவேல் தொண்டையைக் கனைத்தார். அதுவரை யாரும் அவரைப் பேசச் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்கள் எதிரில் நின்றார்கள். வாழ்நாளெல்லாம் திரையில் பார்த்த அத்தனை தலைவர்களும் ஒரே நேரத்தில் அவர் முகத்தில் வந்து நின்றார்கள். புருவம் ஏறியது, தலை சாய்ந்தது, கை அந்தரத்தில் விரிந்தது.

"என் அன்பான சனங்களே..."

சனங்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பீலியடியில் குடத்துக்குக் குடம் இடித்தது. தன் குடம்தான் முந்தி என்று சுப்பம்மா யாரையோ வைதுகொண்டிருந்தார். தேவநேசன்கூட எங்கிருந்தோ ஒரு வாளியோடு வந்து நடுவில் புகுந்திருந்தார்.

"சனங்களே..." என்றார் வடிவேல் மறுபடியும்.

"இங்க வா" என்றார் ராஜகுமாரி கூட்டத்துக்குள்ளிருந்து. "நெறஞ்சிருச்சு. தூக்கு."

வடிவேல் கையை இறக்கினார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். குனிந்தபோது மாலை இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றி நஞ்சப்பன் கையில் கொடுத்துவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.