கலவரத்துக்கு நாற்பது பேர்

என் சித்தி கூட்டம் விற்கிறாள் என்று அப்பா கேலி செய்வார். சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஆள் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. கல்யாண மண்டபத்துக்கு இருபது பேர், ரயில் நிலையத்துக்கு முப்பது பேர், நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து முகம் சுளிக்கப் பத்துப் பேர் என்று கேட்பார்கள். சித்தி அலைந்து திரிந்து சேர்த்துவிடுவாள். பெரும்பாலும் எங்கள் தெரு ஆட்கள்தான். தையல்கார அக்கா வருவார். வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பழைய பஸ் கண்டக்டர் வருவார். கடைக்கார மாமாவும் வருவார்.

மாமாவுக்கு இப்போது கடை இல்லை. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கலவரம் நடந்த வருடத்தில் அது காலியானது, அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். மாமா கூட்டத்தில் நிற்க வருகிறார். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார், வெயிலைப் பற்றி முணுமுணுக்க மாட்டார்.

அந்த வருடத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கதை உண்டு. அரசு அலுவலகங்கள் எரிந்தன, லாரிகள் வரவில்லை, வீடுகளில் மாவு தீர்ந்துபோனது. ஜனங்கள் மாமாவின் கடை முன்னால் கூடினார்கள். அடிதடி நடக்கும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். அப்படியே வரிசை தெருக்கோடி வரை போனது. காலில் கட்டுப் போட்டிருந்தவரை முன்னால் அனுப்பினார்கள். மாமா தகர டப்பாவால் வீட்டுக்கு ஓர் அளவு மாவு அள்ளிப் போட்டார். சித்தி இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லும்போது அவள் முகம் பெருமையில் பூரித்துப்போகும். "அப்புறம் வெளியாளுங்க வந்து கடையக் கொள்ளையடிச்சுட்டாங்க" என்பது கதையின் கடைசி வரி. அந்த வரியை மட்டும் எல்லாரும் வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

சினிமாவில் வரும் கலவரம் சித்திக்குப் பிடிக்காது. அங்கே முதலில் டயர் எரியும், அடுத்து கண்ணாடி உடையும், அதற்குள் ஒரு குழந்தை தனியாக நின்று அழும். "அந்தப் படங்கள்ல யாருக்காவது கால் வலிக்குதா பாரு. எவனாவது சும்மா காத்துக்கிட்டு இருக்கானா? கலவரம்னா முக்கால்வாசி காத்துக்கிட்டு இருக்கிறதுதான்டி" என்பாள்.

போன வருடம் அவளுக்கு ஒரு பெரிய படம் கிடைத்தது. ஒரு நாடே சிதறிப்போவது கதை. நாற்பது பேருக்கு இரண்டு மாத வேலை. முதல் நாள் எடுக்கவிருந்தது, ஜனங்கள் ஒரு மளிகைக் கடையைச் சூறையாடும் காட்சி. மரப்பலகையால் கடை கட்டி, சாக்குகளில் மரத்தூள் நிரப்பி வைத்திருந்தார்கள். இயக்குநர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மாமாவைக் கைகாட்டினார்.

"இவர்தான் கடைக்காரர். என்ன முகம்யா இது!"

சித்தி குறுக்கே வந்தாள். "சார், அவர் வேண்டாம். வேற ஆள் தர்றேன்."

"ஏன்க்கா, நடிக்க வராதா?"

மாமாவே முன்னால் வந்தார். "நான் நிக்கிறேன் தம்பி. கல்லாவுக்குப் பின்னால நிக்கிறது எனக்கென்ன புதுசா?"

ஆக்‌ஷன் என்றதும் மற்ற எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். கடையை நெருங்க நெருங்க வேகம் குறைந்தது. தையல்கார அக்கா ஒரு வயதானவரை முன்னால் விட்டார். ரேடியோ அவருக்குப் பின்னால் நின்றார். கண்மூடித் திறப்பதற்குள் வரிசை உருவாகிவிட்டது. மாமாவும் தன்னை அறியாமல் ஒரு டப்பாவை எடுத்து மரத்தூளை அள்ள ஆரம்பித்திருந்தார்.

"கட்! கட்! என்ன பண்றீங்க? கொள்ளையடிக்க வந்தீங்களா, டிக்கெட் எடுக்க வந்தீங்களா?"

"பழக்க தோஷம் சார்" என்றார் ரேடியோ. எல்லாரும் சிரித்தார்கள்.

சித்தி இயக்குநரிடம் போனாள். "சார், நிஜத்துல இப்படித்தான் நடந்துச்சு. எங்க தெருவுல..." என்று முழுக் கதையையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"நடந்திருக்கும்க்கா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வரிசையப் பார்த்து எவன் பயப்படுவான்? இந்த நாடு முடிஞ்சுபோச்சுன்னு நான் ஒரே ஷாட்ல காட்டணும். வெளிச்சம் வேற போகுது. உங்க ஆளுங்களால முடியலேன்னா சொல்லிடுங்க, வேற ஏஜென்ட்டப் பார்த்துக்கிறேன்."

இரண்டாவது முறை வரிசை நிற்கவில்லை. ஆனால் சாக்கை எடுத்தவர்கள் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார்கள். தையல்கார அக்கா மாமாவின் கையிலிருந்த பையை இழுக்கும்போது, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சொன்னது மைக்கில் தெளிவாக விழுந்தது. இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதவி இயக்குநர் போனை எடுத்து இன்னொரு ஏஜென்ட்டின் பெயரைச் சொல்வது சித்தி காதில் விழுந்தது. நாற்பது பேருடைய இரண்டு மாதமும் அந்தப் போனில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா பேசினார். இயக்குநரைப் பார்த்துப் பேசினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இவங்களுக்கு வரிசையில நிக்க மட்டும்தான் தெரியும்னு நினைக்காதீங்க தம்பி. அது முதல் நாள். மூணாம் நாள் எப்படி வந்தாங்களோ, அப்படி வரச் சொல்லுங்க."

ரேடியோ கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தார். தையல்கார அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி மாமாவின் அருகே போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

"வெளியாளுங்கன்னு சொன்னாங்களே மாமா?"

"வெளியாளுக்கு என் பின்கதவு எங்க இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?"

வருடக்கணக்காகத் தான் சொல்லிவந்த கதையை இந்த மனிதரும் பக்கத்தில் நின்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. "வாங்க மாமா, போயிடலாம். இந்த வேலை இல்லாட்டி இன்னொண்ணு" என்றாள்.

"நாற்பது வீட்டு அடுப்பையும் அணைக்கச் சொல்றியா? போய் அவங்கள ஓடி வரச் சொல்லு. சாக்குல இருக்கிறது மரத்தூள்தானே?"

சித்தி திரும்பிப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மூன்றாவது முறை அவர்கள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாள் சித்தி. பேசாமல் வந்தார்கள். இரண்டு பேர் சொல்லாமலே கடையின் பின்பக்கம் போனார்கள். ரேடியோ பலகையைப் பெயர்த்தார். தையல்கார அக்கா மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு சாக்கு கிழிந்து தூள் பறந்தது. மாமா கையைக்கூடத் தூக்கவில்லை, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அருமை! இவ்வளவு நேரம் இத எங்கய்யா வச்சிருந்தீங்க?" என்று இயக்குநர் துள்ளினார்.

படம் வந்தது. அந்தக் காட்சியில் கொள்ளையடிப்பவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள்போல் தெரிகிறார்கள். இரண்டு நாள் முன்பு அதே கடையில் அவர்கள் வரிசையில் நின்றிருக்கலாம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்ற வழியே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் தெருவும் அதையேதான் செய்தது, வேறு பக்கத்தை வெட்டிப் போட்டது, அவ்வளவுதான். மனிதர்கள் பொல்லாதவர்கள் என்று காட்டுவதும், நல்லவர்கள் என்று மட்டும் சொல்வதும் சுலபம். அதே கைதான் இரண்டு நாளும் நீண்டது என்று சொல்ல ஒரு கதைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது படப்பிடிப்பின் மறுநாள் காலையைப் பற்றி. வேன் மாமாவின் சந்து முனையில் நின்றது. அவர் வரவில்லை. ஓட்டுநர் ஹார்ன் அடிக்கப் போனபோது சித்தி தடுத்துவிட்டாள். மாமா இனி வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வரவில்லை என்றால் அவரைக் கூப்பிட ஒருவருக்கும் வாய் இருக்காது என்பதும் தெரிந்திருந்தது.

கடைசியில் அவர் வந்தார், கையில் சாப்பாட்டுப் பையுடன். படியில் ஏறிச் சித்தியைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன வேஷம்?"

"இன்னிக்கு எல்லாரும் பொணம் மாமா. துப்பாக்கிச் சூடு. விழுந்து கிடந்தாப் போதும்."

"நல்ல வேலை." அவர் உள்ளே பார்த்தார். காலியாக ஒரே ஓர் இடம்தான் இருந்தது, தையல்கார அக்காவின் பக்கத்தில். "நான் யார் பக்கத்துல விழணும்?"

தையல்கார அக்காதான், தலையைத் தூக்காமல் சொன்னார்: "எங்க வேணா விழுங்கண்ணே. நான் தள்ளிக்கிறேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.