கிருஷாந்தி மாற்றிய ரெசிஸ்டர்

என் தங்கை கிருஷாந்திக்கு இருபத்தேழு வயது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரத் தேர்வோடு படிப்பை விட்டுவிட்டு, பதுளையில் இத்ரூஸ் நானாவின் கடையில் போன் திருத்துகிறாள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பிராவில் அவளும் அம்மா பூவம்மாவும் இருந்தார்கள். நான் லண்டனில், மழைச் செய்தி வந்தாலே அவளுக்குப் போன் எடுப்பேன்.

போன வருஷம் மலைமண் நகர்ந்து பின்சுவரில் வெடிப்பு விட்டது. தோட்ட நிர்வாகத்தில் வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்தாள் கிருஷாந்தி. காலையில் பள்ளிக்கூடத்து டிவைடரின் ஊசிக் கால்களை அந்த ஆணிகளில் வைத்து விரிப்பாள். அப்படியே அடிமட்டத்தில் வைத்துப் படிப்பாள். எவ்வளவு கூடியிருக்கிறது என்று எனக்கு அனுப்புவாள்.

"நா கடையில இருக்கையில யாருண்ணா பாக்குறது?" என்று ஒரு சைரனும் செய்தாள். பழைய ரேடியோவின் வொலியூம் குமிழில் நூலைச் சுற்றி, மறுமுனையை வெடிப்புக்கு அப்பால் கட்டினாள். குமிழின் இரு ஓரக் கால்களுக்கும் இடையே ஐந்து வோல்ட். நூல் இழுபட இழுபட நடுக்கால் அதில் கூடுதல் பங்கைப் பிரித்துத் தரும். எந்தப் பங்கில் சைரன் அடிக்க வேண்டும் என்பதை இன்னும் இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்து வைத்திருந்தன. மூன்று மில்லிமீட்டரில் அடிக்கும்படி வைத்திருந்தாள்.

ஆடு உரசினாலும் அடித்தது. ஈரச் சட்டையை யாரோ நூலில் காயப்போட்டபோதும் அடித்தது. லயமே மழையில் இறங்கி ஓடித் திரும்பிய மூன்றாம் தடவை, அடுத்த காம்பிரா தங்கராஜா மாமா வாசலில் நின்று கத்தினார்.

"ஏம்மா, ஒம் பொட்டி ஆட்டுக்கும் அழுவுது, சட்டைக்கும் அழுவுது. மல வந்தா மட்டும் தூங்கிருமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மாலை அவள் ஒரு ரெசிஸ்டரை மாற்றினாள். இனி ஆறு மில்லிமீட்டரில்தான் அடிக்கும். என்னிடம் கேட்டுத்தான் மாற்றினாள். சரி என்றேன்.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை டிவைடர் நான்கு மில்லிமீட்டர் கூடியிருப்பதாகக் காட்டியது.

"அம்மா, இன்னைக்குக் கோயில்ல போயி இரும்மா."

"சைரன் அடிக்கலியே? நீ செஞ்ச பொட்டிய நீயே நம்ப மாட்டியா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ்ஸும் வந்துவிட்டது. 'நாலு. அம்மா போக மாட்டேங்குது' என்று பஸ்ஸிலிருந்து எனக்கு அனுப்பினாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குச் சைரன் அடித்தது. முன் காம்பிராக்காரர்கள் எல்லாரும் ஓடித் தப்பினார்கள். மலைக்கு நேர் கீழே இருந்தது எங்கள் காம்பிரா. அம்மா கதவைத் திறக்கும் நேரம்கூட இருக்கவில்லை, மண் வந்து மூடிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது, முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் கிருஷாந்தி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். தட்டோடு வந்த தங்கராஜா மாமா அவள் முன்னால் நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நா அப்பிடிப் பேசாம இருந்திருந்தா, தாயி..."

"நீங்க பேசத்தான் செஞ்சீங்க மாமா. மாத்துனது நாந்தானே."

அவர் தட்டில் சோறு வைத்தாள். பருப்பு ஊற்றினாள். அவர் நகரவில்லை.

"போங்க மாமா, பின்னால ஆள் நிக்கிது."