ஹென்றியின் பத்தியம்

காலை ஆறு மணிக்கு என் கடையின் பின்கதவைத் திறந்ததும் ஹென்றி செய்யும் முதல் வேலை, கவிழ்த்து வைத்த ஊறுகாய் வாளியில் குந்துவதுதான். ஏப்ரனைத் தூக்கி நாடிக்கடியில் சொருகுவான். பெருவிரலால் வயிற்றில் ஒரு சிலுவை போடுவான். அரைத் தம்ளர் தண்ணீரோடு ஒரு குளிசையை விழுங்குவான். பிறகு அதே வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசியும் போட்டுக்கொள்வான். ஊசிக்குச் சிலுவை கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"ஊசி ஒன்பது வருசமாத் தெரிஞ்ச ஆள், அண்ணை. குளிசை புது ஆள். நல்லவனோ கெட்டவனோ தெரியாது."

இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று ஹென்றிக்குத் தெரியாது. அவனுக்கு அவற்றைக் கொடுக்கும் நேர்ஸ் மெலனிக்கும் தெரியாது. பெரிய டொக்டருக்கும் தெரியாது. இன்சுலினை வாயால் கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை நடக்கிறது. பாதிப் பேருக்கு உண்மைக் குளிசையும் வெறும் தண்ணீர் ஊசியும். மீதிப் பேருக்கு வெறுங்குளிசையும் உண்மை ஊசியும். யாருக்கு எது என்பது எங்கோ ஒரு கொம்பியூட்டருக்கு மட்டும்தான் தெரியும். நான் மிளகாய்த்தூளை இப்படி விற்றால் அடுத்த நாளே கடைக்குப் பூட்டு விழும். இவர்கள் இதை இருபத்திரண்டு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் ஹென்றியிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எண்பத்துநான்கில் மொன்றியலுக்கு வந்து, கிரேக்கனுடைய சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். இன்று பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடை, லவாலில் ஒரு கடை, பியர்பொன்ட்ஸில் கடன் இல்லாத வீடு. ஒருவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆகவே படித்தவன் சொல்வதை எனக்கு விளங்கியமாதிரி மற்றவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியும். ஹென்றிக்கு அந்தக் குளிசையை விளங்கப்படுத்தியதும் நான்தான்.

"இன்சுலின் ஒரு புரதமடா. சும்மா விழுங்கினால் வயிறு அதை இறைச்சித் துண்டுபோலக் கரைச்சுப்போடும். அதாலை அதைத் தூசியிலும் சின்னத் துகளுக்குள்ளை பொதிஞ்சு வைக்கிறாங்கள். தலைமயிரின்ர தடிப்பை ஆயிரமாப் பிரிச்சால் ஒரு பங்கு. எங்கட ரோல்ஸ் மாதிரி. உள்ளுக்குக் கறி, சுத்திவரப் பொதி, மேல ரஸ்க் தூள். வயித்துக்குள்ளை கரையாமல் குடலுக்குப் போய்த்தான் திறக்கும்."

ஹென்றி ரோல்ஸ் சுற்றிக்கொண்டே கேட்டான்: "எண்ணெய் குடிக்காத ரோல்ஸை நீங்கள் எப்ப கண்டனீங்கள், அண்ணை?"

ஹென்றி யாழ்ப்பாணத்துப் பாஷையூர் ஆள், வயது ஐம்பத்தேழு. பதினாறு வருடமாக என் கடையில் ரோல்ஸ் சுற்றுகிறான், கொத்துரொட்டி அடிக்கிறான். தகடு இரண்டையும் கையில் எடுத்தால் தெருவில் போகிறவனும் தாளத்துக்குத் தலையாட்டுவான். முதல் ஆட்டிறைச்சிக் கொத்தில் ஒரு பிடி அவன் வாய்க்குள் போகாமல் எந்தப் பார்சலும் கடையை விட்டுப் போனதில்லை. சீனி வருத்தம் வந்தபிறகும் அந்தப் பிடியை அவன் விடவில்லை. வயிற்றைத் தொட்டுப்பார் என்று ஒருநாள் என் கையை இழுத்து வைத்தான். ஒன்பது வருட ஊசி. தோலுக்குக் கீழே அங்கங்கே கட்டி கட்டியாக, புழுங்கல் அரிசிச் சாக்கைத் தொட்டதுபோல் இருந்தது.

"இனிக் குத்த இடமில்லை, அண்ணை. முதுகிலை குத்தக் கை எட்டாது."

அவன் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தது இதற்காகத்தான். இருபத்தாறு கிழமையை, அதாவது அரை வருடத்தை, ஒழுங்காக முடித்தால், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு எல்லோருக்கும் உண்மைக் குளிசை மட்டும், ஊசியே இல்லை என்று மெலனி சொல்லியிருந்தாள். அவன் கடைச் சுவரில் தொங்கும் கலண்டரில் கிழமைகளை வெட்டி வெட்டி வந்தான்.

இரண்டாம் மாதமே காலை இரத்தச் சீனி, கனடாக் கணக்கில், பதினொன்றிலிருந்து ஏழுக்கு இறங்கிவிட்டது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்: உலகத்திலேயே புது மருந்து, என்னுடைய ஆளின் வயிற்றில் ஓடுகிறது என்று. நாலு பேர் மெலனியின் நம்பரைக்கூட வாங்கிப் போனார்கள்.

ஆனால் ஹென்றி முதல் பிடி கொத்தை வாயில் வைப்பதை நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவில்லை. அதை எனக்குச் சொன்னது அவன் மனைவி அஞ்சலீனா.

"அண்ணை, இவர் குளிசை துடங்கின நாளிலை இருந்து பத்தியம். கத்தரிக்காய் இல்லை, இறால் இல்லை, புளி இல்லை, பொரியல் இல்லை. குரக்கன் புட்டும், மல்லி மிளகு அரைச்ச சரக்குக்கறியும்தான். நான் ஆக்கி ஆக்கிக் களைச்சுப்போனன்."

ஹென்றியைப் பிடித்துக் கேட்டேன். அவன் என்னை விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"வாயாலை போற மருந்துக்குப் பத்தியம் வேண்டாமே, அண்ணை? ஊசி எண்டால் பறவாயில்லை."

"எட, அது வெறுங்குளிசையா இருந்தால்?"

"இருந்தால் நட்டமில்லை. உண்மையா இருந்து, பத்தியம் இல்லையெண்டால் மருந்து பிழைச்சுப்போகுமே."

சாப்பாட்டை மாற்றக்கூடாது என்று இருபத்திரண்டு பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கைபேசியில், சாப்பாட்டில் மாற்றம் உண்டா என்று ஒரு கேள்வியும் வருகிறது. மூன்று மாதத்துக்கு மேலாக ஹென்றி 'இல்லை' என்றே அழுத்தியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. "பத்தியம் சாப்பாடில்லையே, அண்ணை. அது மருந்தோட சேர்ந்தது" என்றான்.

பத்தொன்பதாம் கிழமை ஒரு பகல், கொத்து அடித்துக்கொண்டிருந்தவனின் தாளம் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். தகடுகள் கல்லில் கிடந்தன. ஹென்றி வேர்த்து வழிந்து நின்றான். இதயம்தான் என்று நினைத்தேன். விரலில் குத்திப் பார்த்தால் சீனி மூன்று தசம் நாலு; நாலுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. மாம்பழச் சாறு இரண்டு போத்தல் பருக்கி உட்கார்த்தினேன். விதிப்படி அதைக் கைபேசியில் போட்டான். அரை மணித்தியாலத்தில் மெலனி அழைத்தாள். அடுத்த நாள் காலையில் வரவேண்டும்; ஏன் இவ்வளவு இறங்கியது என்று பார்க்கவேண்டும்.

அன்று பின்னேரம் அஞ்சலீனா ஓடிவந்து கேட்டாள்.

"இறக்கினது குளிசையோ, ஊசியோ, என்ர சரக்குக்கறியோ?"

ஹென்றி வாளியில் குந்தியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நான்தான் கூடப் போனேன். எனக்குப் பிரெஞ்சு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் கோப்பை கழுவிப் பழகிய பிரெஞ்சில் வீட்டுக்குக் கடன் தந்த வங்கிக்காரனையே மடக்கியவன் நான். நீலக்கோட்டு மெத்ரோ ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"நான் கதைக்கிறன், நீ சும்மா இரு. ஒண்டும் மாறேல்லை எண்டு சொல்லுவம். பத்தியம் எண்டு துடங்கினால் வெட்டி வெளியிலை விட்டிடுவாங்கள். பேந்து சாகுமட்டும் ஊசிதான். இன்னும் ஏழு கிழமைதானே?"

"அப்ப நான் பத்தியம் இருந்து இறக்கின சீனி?"

"அது குளிசையின்ர பேரிலை போகட்டுமன். உனக்கென்ன?"

"குளிசை வெறுங்குளிசை எண்டால்?"

"அப்ப ஊசியின்ர பேரிலை போகட்டும்."

அவன் மேற்சட்டைக்கு மேலால் வயிற்றுக் கட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தான். "இதை நம்பி நாளைக்கு ஆரோ ஒரு சனம் ஊசியை எறிஞ்சுபோட்டு விழுங்குமே, அண்ணை."

"அந்தச் சனத்தை நீ கண்டனியோ?"

"காணேல்லை" என்றான். "ஆனா உங்களட்டை நாலு பேர் நம்பர் வாங்கிக்கொண்டு போனவங்கள்."

நான் சொன்னது நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே, சரியோ பிழையோ என்றும் குழம்புகிறேன்.

மெலனி சின்னப் பெண். எங்களை இருத்தி, ஹென்றியின் கையில் இரத்த அழுத்தம் பார்த்து, நிறை எழுதினாள். எட்டுக் கிலோ குறைந்திருந்தது. பிறகு பேனாவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் அவனையே பார்த்து, மெதுவான பிரெஞ்சில் கேட்டாள்: இந்த மாதங்களில் சாப்பாட்டில் ஏதாவது மாறியதா?

அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ரியன், மதாம்." ஒன்றுமில்லை என்று பொருள். அதோடு நிறுத்தாமல், என் கடைச் சாப்பாட்டைத்தான் பதினாறு வருடமாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லத் தொடங்கினேன்.

பாதியில் என் வாய் அடைபட்டது. ஹென்றியின் இடது உள்ளங்கை. வெங்காய மணம். பதினாறு வருடத்தில் என் முகத்துக்கு நேரே கை நீட்டாதவன். மெலனி பேனாவோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹென்றி வலது கையை அவள் முன்னே விரித்தான். கத்தரிக்காய்க்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று யோசித்து, "ஓபெர்ஜின், நோ" என்று சின்னவிரலை மடக்கினான். இறால் நோ. புளிக்குச் சொல் வராமல் முகத்தைச் சுளித்துக் காட்டி இன்னொரு விரலை மடக்கினான். மெலனி எழுதத் தொடங்கினாள். பொரியல், பிறகு கொத்துரொட்டி. ஐந்து விரலும் முடிந்துபோயின. சொல்ல இன்னும் இருந்தது. அவன் முழங்கையால் மேசைவிளிம்பில் தட்டித் தட்டி எண்ணினானே தவிர, என் வாயிலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.