கூரைமேல் போட்ட போர்வை

தெல்மா பாஸ்கோவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. க்வினானா வார்ப்படப் பட்டறையில் எல்லாருக்கும் இது தெரியும். கையுறையை உலைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனால் கோபம். உலைக்கதவை ஓங்கிச் சாத்தினால் கோபம். ஆனால் அந்த ஜனவரித் திங்கட்கிழமை வந்தது வேறு ரகம். அதை வரவைத்த புண்ணியவான் அவள் புருஷன் மெர்வின்.

உலை தெல்மாவின் பொறுப்பு. எந்த உலைக்கல் எவ்வளவு சூடு தாங்கும், சூட்டில் கல் நீளுமே, அதற்கு எங்கே எத்தனை மில்லிமீட்டர் இடம் விடணும் என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து, ஆள் வைத்துக் கட்டி, கட்டினதைக் காப்பாற்றுவதும் அவள்தான். பெட்டியில் அச்சடித்த டிகிரியை நம்பி ஒருத்தன் கல் வாங்கி வந்தால் தொலைந்தான். அது சும்மா கிடக்கிற கல்லுக்குச் சொன்னது, மேலே பாரம் ஏற்றினால் அதற்கு ரொம்ப முன்னாலேயே குழைந்துவிடும் என்று ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள்.

அந்த ஊரில் ஜனவரிதான் நடுக்கோடை; முந்தின வாரம் வெயில் நாற்பத்துமூன்று டிகிரியைத் தொட்டது. உலைக்கூரையை ஒட்டின நடைமேடையில் தெல்மா மயங்கி விழுந்தாள். அதே பட்டறையில் ஃபிட்டராக இருக்கிற மெர்வின் பதறிப்போனான். டாக்டர் அவளை வீட்டில் படுக்கச் சொன்ன நாட்களில், ஸ்டோரில் கிடந்த, சூட்டை வெளியே விடாமல் அடைக்கிற வெள்ளைப் பீங்கான் இழைக் கம்பளியைச் சுருள் சுருளாகத் தூக்கிவந்து கூரை முழுக்க விரித்துக் கட்டிவிட்டான். நடைமேடையில் அனல் சட்டென்று குறைந்தது. எரிவாயுவும் மிச்சமாயிற்று. மேலாளர் டெனிஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் அங்கேயே நின்று லாமிங்டன் கேக் வேறு தின்றார்களாம்.

திங்கட்கிழமை படியேறி வந்த தெல்மா போர்வையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கூரை தொங்கு கூரை. ஒவ்வொரு கல்லும் ஒரு இரும்புக் கொக்கியில் தொங்குகிறது. உள்ளே ஆயிரத்து நூறு டிகிரி எரியும்போதும் கொக்கி தாங்குகிறதென்றால், அதன் தலை வெளிக்காற்றில் இருப்பதால்தான். அந்தச் சூடு வெளியே போயே ஆகணும். ஜுரக்காரனைக் கம்பளியில் சுற்றின மாதிரி அதை மூடி வைத்துவிட்டு, குளுகுளுவென்று இருக்கிறது என்று கேக் தின்றிருக்கிறார்கள், மகா புத்திசாலிகள்!

யார் போட்டது என்று கேட்டாள். குரல் எழும்பவே இல்லை. அவள் கத்தினால் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம் என்று வின்ஸுக்குத் தெரியும். உலைவாசலில் நின்று வார்ப்புகளை ஏற்றி இறக்குகிறவன் அவன். மெர்வின் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கம்பியால் போர்வையின் ஒரு மூலையைத் தூக்கினாள். கொக்கிகள் கருஞ்சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன. அவற்றில் இரண்டு, இழுத்த ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டிருந்தன.

"வின்ஸ், வாசலை விட்டு வெளிய போ. எல்லாரையும் கூட்டிட்டுப் போ."

எரிவாயுவை அவளே மூடினாள். டெனிஸ் ஓடிவந்தார். சுரங்கத்துக்கு அனுப்பவேண்டிய சரக்கு உள்ளே இருக்கிறது, கம்பளியை உருவிவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டலாமே என்று கெஞ்சினார். நீண்ட கொக்கி திரும்பக் குட்டையாகாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற மாதிரி இல்லை.

"கூரை விழுந்தா நெருப்பு வாசல் வழியாத்தான் வரும். வின்ஸுக்குப் பதிலா நீங்க வந்து நிக்கறீங்களா?"

டெனிஸ் முற்றத்துக்குப் போனார். கொளுத்துகிற வெயிலில் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். மெர்வின் ஓரமாக நின்றான். யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூரையின் நடுப்பாகம் இறங்கியது. கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. செந்தழலாகக் கற்கள் வாசலுக்கு வெளியே, வின்ஸ் தினமும் நிற்கிற இடத்தில் வந்து கொட்டின. வின்ஸ் அதைப் பார்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மெர்வின் தெல்மாவிடம் வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நீ விழுந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உனக்காகத்தான் பண்ணேன்."

"தெரியும். அதான் இன்னும் பத்திக்கிட்டு வருது." "இந்தக் கூரையைக் கட்டின நாள்ல இருந்து வீட்ல உன்கிட்ட அதைப் பத்தித்தானே பேசறேன்? அது தலையை மூடக்கூடாதுன்னு எத்தனை ராத்திரி சொல்லியிருப்பேன்? நீயும் தலையைத் தலையை ஆட்டினியே. ஒரு நாளாவது காதுல வாங்கினியா?"

மெர்வினுக்குப் பொய் சொல்ல வராது.

"நீ ஏதோ புலம்பறேன்னு நெனச்சேன்" என்றான்.

தெல்மா நகர்ந்துபோய் வின்ஸுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.