வெட்டும் கோடும் தைக்கும் கோடும்

எனக்குத் தைக்கத் தெரியும், வெட்டத் தெரியாது. இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டில் மெஷின் வைத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் என் கட்சிதான். தலையணை உறை, சேலைக்கு ஃபால்ஸ், பிள்ளைகளின் கிழிந்த யூனிஃபார்ம் என்று நேராகப் போகிற தையல் எதைக் கொடுத்தாலும் அடித்துத் தள்ளிவிடுவோம். ஜாக்கெட் துணியைக் கையில் கொடுத்து வெட்டு என்றால் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவோம். தையல் பிசகினால் பிரித்துவிடலாம், வெட்டியதை ஒட்டவா முடியும்?

அதனால்தான் கோடு போட்ட ஜாக்கெட் துணி கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சித்திரை வெயிலில் ஓடினேன். முன்பக்கம், முதுகு, கை, பட்டி எல்லாவற்றையும் துணியின் உள்பக்கத்தில் அளவோடு அச்சடித்தே விற்கிறார்களாம். கோட்டைப் பார்த்து வெட்டி, சேர்த்துத் தைத்தால் வேலை முடிந்தது.

கடைத்தெருவில் நுழைந்த முதல் கடையில், "கோடு போட்ட ஜாக்கெட் துணி குடுங்க" என்றேன். கடைக்காரர் நீலத்தில் வெள்ளைக் கோடு, பச்சையில் மஞ்சள் கோடு என்று மேசை நிறைய எடுத்துப் போட்டார்.

"இந்தக் கோடு இல்லீங்க. வெட்டற கோடு."

"எந்தக் கோடா இருந்தா இன்னாம்மா, எல்லாத்தையும் வெட்டலாம்."

அவரோடு கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. அதற்கடுத்த கடையில் ஒரு பெண், "மார்க்கிங் பிட்டா அக்கா?" என்று கேட்டாள். அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து விரித்தேன். வெளிர் நீலத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கோடுகள் இருந்தன. வெளியே முழுக் கோடு, உள்ளே புள்ளிக் கோடு. கூடவே விளக்கக் காகிதம் ஒன்றும் இருந்தது. காகிதம் படிக்கிற பொறுமை எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பேன். புள்ளிக் கோடு என்றால் வெட்டுவதற்குத்தானே? ஷாம்பு பாக்கெட்டிலிருந்து ஸ்கூல் ஃபாரம் வரைக்கும் நாம் புள்ளிக் கோட்டில்தானே வெட்டுகிறோம்? வெட்டினேன். தைத்தேன். போட்டுப் பார்த்தால் கொக்கியும் வளையமும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். முழுக் கோடு வெட்டுவதற்கு, புள்ளிக் கோடு தைப்பதற்கு. தையலுக்காக விட வேண்டிய துணியை எல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன்.

"தலகாணிக்குப் போட்டுப் பாரு, கரெக்டா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு ராத்திரி அவருக்கு வெறும் ரசம்தான்.

அந்த ஜாக்கெட்டைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை திண்டிவனம் பஸ் ஏறினேன். அங்கேதான் என் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அண்ணி ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போர்டில் எழுதுகிற ஆள். போன வருஷம் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. முண்டியம்பாக்கம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் முடிந்தது, கொட்டின முடியும் வளர ஆரம்பித்தது, இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பள்ளியிலும் அண்ணியின் இடத்தை வைத்திருந்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கும் அன்றைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்றார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே டீச்சர்கள் சேலைதான் கட்ட வேண்டும். சேலை என்றால் ஜாக்கெட் வேண்டும். அண்ணியோ ஆபரேஷனுக்குப் பிறகு நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவுமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் டெய்லரிடம் நின்று டேப் பிடித்து அளவு கொடுப்பது குறைவு. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று எல்லாரிடமும் இருக்கும், அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். புதுத் துணியோடு அதைச் சுருட்டிக் கொடுத்துவிட்டால் போதும், பேச்சே தேவையில்லை. அண்ணியும் பழக்கத்தில் அப்படியே தெருமுனை டெய்லரக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அக்கா நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தார். புதுசு அளவு ஜாக்கெட்டைப் போலவே இருந்தது, அண்ணிதான் பழைய மாதிரி இல்லை. இடது பக்கம் துணி வெறுமனே தொங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கியிருந்ததால் ஜாக்கெட்டின் கை முழங்கையைத் தாண்டி ஏறவே இல்லை.

டெய்லரக்காவிடம் சொல்லித் திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆபரேஷன் விஷயம் தெருவுக்கே தெரியும். ஆனால் தையல் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, இந்தப் பக்கம் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று தன் வாயால் சொல்ல அண்ணிக்கு நா எழவில்லை. வேறு ஆள் போட்டுக்கொள்ளட்டும் என்று பள்ளிக்குத் தெரிவித்துவிடும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் எனக்குப் போன் செய்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. அவ்வளவையும் தாண்டி வந்த மனுஷி ஒரு ஜாக்கெட்டிலா தோற்க வேண்டும்? பள்ளிக்கு இப்போது எதுவும் சொல்லாதே என்று அண்ணனிடம் கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

என்னிடம் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. என் லட்சணத்தைக் காட்டி அண்ணியைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் கிளம்பினேன். பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.

"இன்னாது இது? பொம்மைக்கா?"

"எனக்கு அண்ணி."

"உனக்கா!"

ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். நான் புள்ளிக் கோட்டுக் கதையைச் சொன்னதும், "எல்.கே.ஜி. பசங்களுக்கே நான் புள்ளி மேல எழுதத்தான் சொல்லித் தர்றேன். நீ வெட்டிக்கினு வந்து நிக்கிற" என்று மறுபடி ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. எனக்கு நஷ்டமான துணி அந்தச் சிரிப்பிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

பிறகு அவர் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினார். அழியாமல் மிச்சமிருந்த நீல எழுத்தை விரலால் தடவிக்கொண்டே படித்தார். ஒரு துண்டில் 'முன்பக்கம் வலது' என்றும் இன்னொன்றில் 'முன்பக்கம் இடது' என்றும் இருந்தது.

"டெய்லருங்க துணிய மடிச்சுப் போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாத்தானே வெட்டுவாங்க. இதுல தனித்தனியா போட்டுக்கீறாங்களா?"

"ஆமா அண்ணி."

"அப்ப ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் ஒரு மாதிரி வெட்டிக்கலாம்ல?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் தன் இடது பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் மண்டையில் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை அண்ணியின் அளவில் மார்க்கிங் பிட் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அண்ணனை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டோம். அண்ணியும் என்னைப் போலத்தான், தைப்பார், வெட்ட மாட்டார். தரையில் துணியை விரித்தார். டீச்சர் வீடு, சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்து 'முன்பக்கம் இடது' துண்டின் மேல் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணி, கோட்ட வுட்டுட்டுப் போவாதீங்க! அது கம்ப்யூட்டர்ல போட்ட கோடு."

"கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் ஆச்சா?"

ஆனாலும் நான் விடவில்லை, முதலில் பழைய துணியில் வெட்டிப் பார்த்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தேன். பழைய காட்டன் சேலை ஒன்றைக் கிழித்து, அச்சுக் கோடுகளை அதில் அப்படியே எடுத்துக்கொண்டோம். மார்புக்கு இடம் கொடுப்பதற்காக ஜாக்கெட்டில் பிடிக்கிற மடிப்பை டாட் என்பார்கள். இடது பக்கம் அது வேண்டியதில்லை. டாட் பிடிக்காமல் விட்டால் துணி உபரியாகத் தொங்குகிறது. உபரியைக் குறைத்தால் அக்குளில் இழுக்கிறது. அக்குளைச் சரி செய்தால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. தழும்பின் மேல் தையல் உரசாமலும் பார்க்க வேண்டும். அண்ணி போட்டுப் பார்ப்பார், நான் குண்டூசி குத்துவேன், அவர் மிதிமெஷினில் உட்கார்ந்து அடிப்பார், மறுபடி பிரிப்போம். ஒரு கட்டத்தில் நான் குண்டூசி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அண்ணி பின்னாலேயே வந்தார்.

"இந்தப் பேஜாரு புடிச்ச வேலைய நானா உன்னச் செய்யச் சொன்னேன்? கீழ வா, டீ ஆறிப்போவுது."

அந்த அச்சுக் கோட்டை நான் பிறகு எத்தனையோ பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். வலது பக்கம், முதுகு, வலது கை எல்லாம் கோட்டின்படி வெட்டியதுமே பொருந்திவிட்டன. நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இடது பக்கத்துக்கு மட்டும்தான். முழு ஜாக்கெட்டையும் நாங்களே கணக்குப் போட்டு வெட்ட வேண்டியிருந்தால் அன்றைக்கே கையைக் கழுவியிருப்போம்.

இன்னும் ஒரு சனிக்கிழமை போனது. பழைய சேலைத் துணியில் எல்லாம் சரியாக வந்தது. இடது கையைத் தாராளமாக விட்டிருந்தோம். இடது பக்கத்தில் உள்ளே மெல்லிய துணியில் ஒரு பை வைத்துத் தைத்தோம். வேண்டுமென்றால் அதற்குள் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அண்ணி வைத்துப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார்.

"வைக்க வேணாமா அண்ணி?"

"வைக்கணும்னு தோணுச்சுன்னா வைக்கிறேன். அடிக்கிற வெயில்ல இது வேற எதுக்கு?"

மார்க்கிங் பிட்டை அவரே வெட்டினார். வலது பக்கம் கடையின் கோட்டில் போன கத்தரிக்கோல், இடது பக்கம் வந்ததும் சாக்பீஸ் கோட்டில் போனது. நான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தைத்து முடித்து, போட்டு, மேலே சேலையும் கட்டிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார். கையைத் தூக்கிக் காற்றில் ஏதோ எழுதினார். கீழே விழுந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார். எங்கேயும் இழுக்கவில்லை, தொங்கவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. சேலை மேல் கிடந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் வேலைக்குப் போவேன் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் போனில் கேட்டதற்கு, "காலைல பாக்கலாம்" என்றதோடு சரி. கண்ணாடி முன்னால் நிற்பது வேறு, பெற்றோர்கள் கூடியிருக்கிற கேட்டைத் தாண்டி நடந்து போவது வேறு. அதற்கு மேல் நச்சரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பள்ளி திறந்த அன்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அண்ணனைக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிடப் பயமாக இருந்தது. போகவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன பேசுவது? குழம்பு அடிப்பிடித்தது. காரணமே இல்லாமல் பால்காரரிடம் சண்டை போட்டேன். மத்தியானத்துக்குமேல், போகவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். ஆறுதல் சொல்வதற்கு வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணியே கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு இன்னாத்தப் போட்டுக்கினு போறது? இருக்கறது ஒரே ஜாக்கெட்டு. அதுலயும் புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, காலைலேந்து ஒரே அழுகை, எறக்கி வுட்டா கத்துது. என் மேலயே சாஞ்சுக்கினு மூக்கையெல்லாம் தொடச்சு வெச்சுட்டா."

என்ன கேட்பதென்று தெரியாமல், "எந்தப் பக்கம் அண்ணி?" என்று கேட்டுவைத்தேன்.

"இடது பக்கந்தான். வலது பக்கம் மாத்திப் போட்டாலும் இருக்க மாட்டேங்கறா. அங்கதான் தட்டையா, சௌகரியமா கீதாம். தலைய வெச்சதும் தூங்கிட்டா."