என்னைக் கேட்காமல் ஜாம்பியாவுக்கு

அரியலூரில் எங்கள் சபையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில், நானும் என் கணவரும் ஐந்து வருஷத்துக்கு ஜாம்பியாவுக்கு மிஷனரிகளாகப் போகிறோம் என்று பாஸ்டர் மைக்கில் அறிவித்தார். சபையே கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபை அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது. அது ஆத்திரத்தில் வந்த கண்ணீர். நாங்கள் போகிறோம் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. என் கணவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஜாம்பியாவில் ஏதோ ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் "பாக்கலாங்க" என்றேன். ஃப்ரிட்ஜ் மாற்றலாமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னேன், அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் இன்னும் அடுப்படியில்தான் இரைந்துகொண்டிருக்கிறது. இந்தப் "பாக்கலாங்க" மட்டும் எப்படியோ சம்மதமாகி, பாஸ்டர் வரைக்கும் போய்விட்டது.

திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"நான் எப்பங்க சரின்னு சொன்னேன்?"

"வேண்டாம்னும் நீ சொல்லலைல்ல?"

"ஊரெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கர்த்தர் தெளிவா பேசிட்டாரு. அதுக்கப்புறம் என்ன?"

"உங்ககிட்ட பேசிருப்பாரு. எங்கிட்ட ஒன்னும் சொல்லலையே."

"ஜெபத்துல காத்திரு. சொல்லுவாரு."

அவருக்குக் கிடைத்த அடையாளங்களைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். திருச்சிக்குப் போய்விட்டுப் பெரம்பலூர் வழியாக வரும்போது சிறுவாச்சூர் பக்கத்தில் பஸ் பஞ்சராகி நின்றிருக்கிறது. டீக்கடையில் வடை வாங்கினாராம். வடை வைத்துக் கொடுத்த பேப்பரில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் படம் இருந்ததாம். எண்ணெய் படிந்த அந்தப் பேப்பரை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு வந்தார்.

நான் விசுவாசம் இல்லாதவள் அல்ல. ஊழியத்துக்குக் கடவுள் கூப்பிடும் அழைப்பு என்று ஒன்று உண்டு என்பதை நம்புகிறவள்தான். ஆனால் கடவுளின் குரல் ஒவ்வொரு தடவையும் என் கணவரின் ஆசையோடு இவ்வளவு அச்சாகப் பொருந்திப்போவதுதான் எனக்கு இடித்தது.

அடுத்த வாரங்களில் யாரிடம் பேசினாலும் எரிச்சல்தான் மிஞ்சியது. சபையில் யாரைக் கேட்டாலும் "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்றார்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்டால், "நாங்களும் ஜெபம் பண்றோம்" என்றார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. "உங்களுக்கென்ன, புள்ளையா குட்டியா, நிம்மதியா போயிட்டு வரலாம்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரம்பலூரில் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கூடத்தில் பேச்சு வேறு மாதிரி போனது.

"ஆப்பிரிக்காவா? அப்ப சம்பளம் டாலர்ல வருமே டீச்சர்!" என்றார் பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர்.

"சம்பளமெல்லாம் இல்லைங்க. சாப்பாட்டுக்குக் குடுப்பாங்க."

"அப்ப எதுக்குங்க போறீங்க?"

அந்தக் கேள்வியை மனப்பூர்வமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எங்களோடு இருப்பது என் மாமியார். இளவயசில் எறையூர் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். இப்போது முழங்கால் முடியவில்லை. விஷயம் காதில் விழுந்ததும், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா பெரம்பலூரிலிருந்து ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்த கோபம் முகத்தில் இருந்தது.

"டேய் தம்பி, அம்மாவ எங்க விட்டுட்டுப் போறதா உத்தேசம்?"

"ஒன் வூட்டுலதாங்க்கா. வேற எங்க?"

"எங்கிட்ட கேட்டியா?"

"ஜெபத்துல வச்சிருந்தேங்க்கா."

"ஜெபத்துல வச்சது சரிடா. ஒரு போனப் போட்டுச் சொல்றதுக்கு என்ன கேடு?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "என்னை ஏன்டா அங்கயும் இங்கயும் தள்ளுறீங்க? நானும் வரேன். அந்த ஊர்ல கரும்பு வெளையுமா?"

என் கணவர் திணறினார். அடையாளங்களை எல்லாம் கவனமாகச் சேர்த்து வைத்திருந்தவருக்கு அம்மாவையும் கேட்க வேண்டும் என்ற யோசனையே வந்திருக்கவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு நேர்காணல் வந்தது. அந்த ஆஸ்பத்திரியை நடத்துபவர் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போன ஒரு பெண் டாக்டர். வீடியோ காலில் வந்தார். என் கணவர் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, தன் அழைப்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"அவளும் ஜெபத்துல..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"அவங்களே சொல்லட்டும் பிரதர்."

இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை என்றும், என்னை யாரும் கேட்கவில்லை என்றும், எனக்குக் கோபமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த வேகத்திலேயே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலேரியா வந்தால் என்ன செய்வீர்கள், கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கும் என்றெல்லாம் கேட்டேன். கடைசியாக, "எக்ஸ்ரே மெஷின் நல்லா ஓடுதுங்களா?" என்றேன்.

டாக்டர் சற்றுத் தயங்கினார். "அது நின்னு ரொம்ப நாளாச்சும்மா. பாகம் வரணும். அதை பிரதர்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. என் கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம் தொடர்ந்தார். அங்கே நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லையாம். மருந்தின் அளவைக் கணக்கிடும்போது புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்களாம். "தசமப் புள்ளியை எப்படிம்மா சொல்லிக் குடுப்பீங்க?" என்றார். ஏதோ சொன்னேன். சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க, பெரம்பலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிரப் பாட்டிலின் பத்து மில்லி அளவு மூடியை வைத்து ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. அதற்கு அழைப்பு என்று பெயர் வைக்க நான் துணியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"மெஷின் ஓடலைங்கறதே ஒரு அடையாளமோ என்னவோ. போக வேண்டாம்னு..."

கிரைண்டரை அணைத்தேன். "இன்னொரு அடையாளம் சொன்னீங்கன்னா நான் இப்பவே எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

அவர் நகரவில்லை. மெதுவாக, "சரி. நீ என்ன நெனக்கிற?" என்றார்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கேள்வியை முடிவெடுத்த பிறகு கேட்டிருக்கிறார், முன்னால் கேட்டதில்லை. கையில் மாவோடு நின்றேன். ஐந்து வருஷம் முடியாது, இரண்டு வருஷம் என்றேன். மெஷினுக்குப் பாகம் எப்போது வரும் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிய பிறகுதான் கிளம்புவேன் என்றேன். அத்தையைப் பற்றி அண்ணியிடம் நீங்களே போய்க் கேட்க வேண்டும், சொல்லிவிட்டு வரக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே அண்ணி வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு, சம்மதத்தோடு வந்தார்.

மாமியார் போன மாதமே பெரம்பலூருக்குப் போய்விட்டார். எங்களுக்கு விசா இன்னும் வரவில்லை. அங்கே மகளின் தையல் கடையில் உட்கார்ந்துகொண்டு மாமியார் தினமும் போன் செய்கிறார். "இன்னும் கெளம்பலையா? இங்க எல்லாரும் கேக்குறாங்க, நான் என்னன்னு சொல்றது?" என்கிறார். விசா வர வேண்டும் அத்தை என்று தினமும் சொல்கிறேன். "அதுக்கு ஜெபம் பண்ணச் சொல்லு அவன," என்று வைத்துவிடுகிறார்.